எல்லோரும் 'சோலார் நல்லது' என்றால் களஆய்வில் என்ன எழுதுவது?

கேள்வி: கே.வி.குப்பத்திலிருந்து எழுதுகிறேன், இளங்கலைப் புவியியல் இறுதியாண்டு. 'எரிசக்தி ஆதாரங்கள் பற்றி மக்களின் மனநிலை' என்பது என் களஆய்வுத் தலைப்பு. முன்னோட்டமாகச் சத்துவாச்சாரியில் சில வீடுகளில் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் 'சோலார் நல்லது, நிலக்கரி கெடுதல்' என்றே சொல்கிறார்கள். இதை வைத்து என்ன எழுதுவது?

பதில்: முன்னோட்டம் பார்த்தது நல்லதாகப் போயிற்று. நூறு படிவத்தையும் நிரப்பிவிட்டு வந்து இதையே கேட்பவர்கள் உண்டு.

'சோலார் நல்லதா?' என்று கேட்டால் 'நல்லது' என்று சொல்வதில் யாருக்கும் காசு நஷ்டமில்லை. பதில் சொல்பவர் தன் மாடியையும் தன் கரண்ட் பில்லையும் நினைத்துப் பார்க்கிற மாதிரி கேளுங்கள். 3 கிலோவாட் சோலாருக்கு நிழல் விழாத இடம் சுமார் 300 சதுர அடி வேண்டும், மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய், மீதி கைக்காசு. இவ்வளவையும் சொல்லிவிட்டு, 'உங்கள் மாடியில் போடுவீர்களா, இல்லையென்றால் ஏன்?' என்று கேட்டுப் பாருங்கள். அப்போதுதான் பதில்கள் பிரியும். வாடகை வீட்டுக்காரருக்கு மாடி அவருடையதே இல்லை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், 120 யூனிட் எரிக்கிற வீட்டுக்குச் சோலாரால் மிச்சமாவது சொற்பம். இவர்கள் 'வேண்டாம்' என்றால் அதைச் சோலார் எதிர்ப்பு என்று எழுதிவிடாதீர்கள். சொந்த வீடா வாடகையா, போன தடவை எத்தனை யூனிட் என்ற இரண்டு கட்டங்கள் படிவத்தில் கட்டாயம் இருக்கட்டும். யூனிட்டை ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்லாமல், மீட்டர் கணக்கு குறிக்கும் வெள்ளை அட்டையையோ செல்போனுக்கு வந்த எஸ்.எம்.எஸ்-ஐயோ அனுமதி கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தூரம். இது புவியியல் ஆய்வு, இதை விட்டால் தலைப்புக்கே அர்த்தமில்லை. வேலூரிலிருந்து கல்பாக்கம் நூறு கிலோமீட்டருக்கு அப்பால். கூடங்குளம் மாநிலத்தின் தென்கோடியில், முப்பந்தல் காற்றாலைகள் அதையும் தாண்டிக் கன்னியாகுமரிப் பக்கம். அணு உலைக்கு இங்கே ஒருவர் சரி என்கிறார் என்றால், எந்த ஊரில் இருக்கிற உலைக்குச் சரி என்கிறார்? ஒவ்வொரு ஆதாரத்துக்கும் 'தமிழ்நாட்டில் எங்காவது, நம் மாவட்டத்தில், உங்கள் ஊர் எல்லையில்' என்று மூன்று முறை கேளுங்கள். முழு எதிர்ப்புக்கு -2, முழு ஆதரவுக்கு +2 என்று மதிப்பெண் போடுங்கள். தூரம் குறையக் குறைய எந்தக் கோடு வேகமாகச் சரிகிறது என்ற வரைபடம்தான் உங்கள் அறிக்கையின் உயிர்.

இடத்தேர்வுக்கு ஒரு யோசனை. சத்துவாச்சாரி, அணைக்கட்டு, ஒடுகத்தூர், பீஞ்சமந்தை என்று நகரத்திலிருந்து ஜவ்வாது மலை வரை ஒரு கோடு பிடியுங்கள். நகரத்தில் ஏசியும் இன்வெர்ட்டரும். அணைக்கட்டுப் பக்கம் போர்வெல் மோட்டார். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் அங்கே கவலை மும்முனைக் கரண்ட் வரும் நேரத்தைப் பற்றித்தான் இருக்கும், பில்லைப் பற்றி இருக்காது. மலையில் எரிசக்தி என்றால் முதலில் விறகு. அதனால் அங்கே அடுப்பு மூட்டுகிறவரிடம் கேளுங்கள், வீட்டுத் தலைவரிடம் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். ராணிப்பேட்டையை ஐந்தாவது இடமாகச் சேர்க்க முடிந்தால் சுவாரசியம் கூடும். அங்குள்ள பெல் ஆலை அனல்மின் நிலையங்களுக்கான துணைக் கருவிகள் செய்கிறது, நிலக்கரியைப் பற்றி அந்தக் குடியிருப்பில் வேறு குரல் கேட்கலாம்.

படம் காட்டிக் கேட்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. மாணவர்கள் கொண்டுவரும் அட்டைகளில் சோலாருக்கு நீல வானமும் பச்சைப் புல்லும், நிலக்கரிக்குக் கரும்புகையும் மாலை இருட்டும் இருக்கும். பல நேரம் அந்தப் 'புகை' குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து வரும் வெறும் நீராவி. படமே பதிலைச் சொல்லிக் கொடுத்துவிடும். எல்லாப் படமும் பகல் வெளிச்சத்தில், ஒரே அளவில் இருக்கட்டும்.

ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று போங்கள், பூட்டியிருந்தால் அடுத்த வீடு. காலை பதினொரு மணிக்கு மட்டும் போனால் பெண்களும் முதியவர்களும்தான் கிடைப்பார்கள், ஒரு ஞாயிறு மாலையும் வையுங்கள். பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்திய நாளில் கேட்டிருந்தால் படிவத்தின் மூலையில் குறித்துவையுங்கள். வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பவர் எந்தக் கரண்டுக்கும் சரி என்பார். துறைத் தலைவரின் கடிதம் கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஈ.பி.யிலிருந்து வந்தவர் என்றோ சோலார் விற்க வந்தவர் என்றோ நினைத்துக்கொள்வார்கள்.

கணக்குக்குக் கை-வர்க்கச் சோதனை (chi-square test) போதும், இடத்துக்கு இடம் பதில் மாறுவது தற்செயலா என்று அது சொல்லும். உதாரணத்துக்கு, இரண்டு இடங்களில் முப்பது முப்பது பேரைக் கேட்டு, மாடியில் போடத் தயார் என்றவர்கள் ஓரிடத்தில் 18, இன்னொன்றில் 9 என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்ப்பு எண், அதாவது இடத்தால் வித்தியாசமே இல்லையென்றால் வரவேண்டிய எண், 'தயார்' என்பதற்கு இரண்டு இடத்திலும் 13.5, 'இல்லை' என்பதற்கு 16.5. கணக்குப் போட்டால் 5.45 வரும். 5 சதவீத மட்டத்துக்கான எல்லை 3.84, அதைத் தாண்டுகிறது. ஆக இடத்துக்கும் பதிலுக்கும் தொடர்பு உண்டு என்று எழுதலாம். எந்தக் கட்டத்திலாவது எதிர்பார்ப்பு எண் 5-க்குக் கீழே போனால் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். பீஞ்சமந்தையில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும், பஸ் நேரமும் பார்க்க வேண்டும், உங்களுக்கு அங்கே பத்துப் பேர் கிடைத்தாலே அதிகம். அந்தப் படிவங்களை ஒடுகத்தூரோடு சேர்த்து எண்ணிக்கையைக் கூட்டிக்காட்டாதீர்கள். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே, தனி அத்தியாயமாக எழுதுங்கள்.