பழைய தலைமுடியைச் சோதித்து, அந்தக் காலத்து மனிதர் உடம்பில் ஈயம், ஆர்செனிக் இருந்ததா என்று சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் அது யாருடைய முடி என்பது முதலில் உறுதியாக வேண்டும். வேதியியல் படித்த காலத்திலிருந்து நான் ஆசையாகத் தேடிப் படிக்கும் விஷயம் இது.

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். வேரில் அது உருவாகும்போதே ரத்தத்தில் இருக்கும் ஈயமும் பாதரசமும் ஆர்செனிக்கும் கெரட்டின் புரதத்திலுள்ள கந்தகத்தோடு பிணைந்துகொள்ளும். ஆள் மறைந்து இருநூறு வருஷம் ஆனாலும் அளக்கலாம்.

இசையமைப்பாளர் பீத்தோவனை எடுத்துக்கொள்ளுங்கள். 1827இல் வியன்னாவில் அவர் இறந்தபோது, அஞ்சலி செலுத்த வந்தவர்கள் நினைவுக்காக முடியை வெட்டி எடுத்துப் போனார்கள். ஹில்லர் என்ற பதினைந்து வயதுப் பையன் வெட்டியதாகச் சொல்லப்பட்ட கற்றையில் ஈயம் மிக அதிகம் என்று 2000இல் அறிவித்தார்கள். பல வருஷம் எல்லோரும் அதையே எழுதினோம், பேசினோம். 2023இல் மரபணுவைச் சோதித்தால், அது ஒரு பெண்ணின் முடி! நல்லவேளையாக, அதே ஆய்வில் வேறு ஐந்து கற்றைகள் அவருடையவைதான் என்று தெரிந்தது. அதில் இரண்டை 2024இல் அளந்தார்கள். ஒரு கிராம் முடியில் 258, 380 மைக்ரோகிராம் ஈயம். இயல்பாக 4க்குள் இருக்க வேண்டியது. அவருடைய காது, வயிற்றுக் கோளாறுகளுக்கு ஈயம் துணைபோயிருக்கலாம், ஆனால் அது மட்டுமே உயிரை எடுக்கும் அளவு இல்லை என்றுதான் ஆய்வாளர்கள் சொன்னார்கள். இந்த நிதானம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்புறம், வெளியிலிருந்து ஒட்டிய தூசியா, உள்ளிருந்து வந்ததா என்ற சிக்கலும் உண்டு. கழுவிவிட்டுத்தான் சோதிப்பார்கள், இருந்தாலும் முழு உத்தரவாதம் கிடையாது.

என்னைக் கேட்டால், மிகச் சிறந்த ஆய்வு நெப்போலியனுடையதுதான். 1961இல் அவர் முடியில் ஆர்செனிக் அதிகம் என்றதும், விஷம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு பரவியது. 2008இல் இத்தாலிய இயற்பியலாளர்கள் அவருடைய சிறுவயது முடியையும், மனைவி ஜோசஃபின், மகன் ஆகியோரின் முடியையும் சேர்த்தே அளந்தார்கள். எல்லாவற்றிலும் ஆர்செனிக் இன்றைய அளவைவிடச் சுமார் நூறு மடங்கு! அந்தக் காலத்தில் அவர்களைச் சுற்றியிருந்த பொருள்களிலேயே அது கலந்திருந்தது. அவர் சிறைவைக்கப்பட்டு இறந்த செயின்ட் ஹெலினா தீவில் யாரோ புதிதாக விஷம் கொடுத்தார்கள் என்பதற்கு அந்த முடியில் ஆதாரம் இல்லை.