போர்சோவின் பைபிள்: பக்தியா, பகட்டா?

அன்புள்ள ஐயா,

பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபெராரா நகரை ஆண்ட போர்சோ தெஸ்தே செய்வித்த கையெழுத்துப் பைபிளின் புகைப்படங்களை இணையத்தில் பார்த்தேன். சில படங்களில் பொன் தகதகக்கிறது, சிலவற்றில் பழுப்பாக இருக்கிறது. உதிர்ந்துவிட்டதா? அவர் இவ்வளவு செலவழித்தது பக்தியாலா, பகட்டுக்கா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பெரும்பாலும் உதிர்வு அல்ல, கேமராக் கோணம். மெருகேற்றிய ரேக்கு, அதாவது மெல்லிய பொன் தகடு, கண்ணாடி மாதிரி. எதிரே இருட்டு இருந்தால் இருட்டைத்தான் காட்டும். பொன்தூளைப் பசையில் குழைத்துத் தீட்டிய இடங்கள் எந்தக் கோணத்திலும் மங்கலாகவே மினுங்கும்.

அக்கால இத்தாலியப் பட்டறைகளில் தோல்தாளின் மேல் முதலில் ஒரு மேடு கட்டுவார்கள். நீரில் ஊறித் தணிந்த ஜிப்சம், அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஈயவெள்ளை, அதைவிடக் குறைவாகச் சர்க்கரை, நிறத்துக்குக் கொஞ்சம் செம்மண், குழைக்க முட்டை வெள்ளைக்கரு. சர்க்கரை ஈரத்தை இழுக்கும். அதனால் வாயால் ஊதினாலே மேடு பிசுபிசுக்கும். உடனே ரேக்கை வைத்து, நாய்ப்பல்லாலோ வழவழப்பான கல்லாலோ தேய்ப்பார்கள். காற்று வறண்டிருந்தால் ரேக்கு ஒட்டாது. ஈரம் மிஞ்சினால் தேய்க்கும்போதே மேடு நசுங்கும். பசை கூடினால் தாள் வளையும்போது வெடிக்கும், குறைந்தால் பொடியாகும். வண்ணம் ரேக்குக்குப் பிறகுதான். முந்தினால் ரேக்கு வண்ணத்திலும் ஒட்டிக்கொள்ளும், தேய்ப்பில் வண்ணமும் கெடும்.

செலவுக்கு வருகிறேன். 1455இல் தத்தேயோ கிரிவெல்லி, ஃபிராங்கோ தெய் ருஸ்ஸி என்ற ஓவியர்கள் இந்த வேலைக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1461இல் வேலை முடிந்தது. இரண்டு தொகுதிகள், 600 தாள்களுக்கு மேல், 1,000 படங்களுக்கு மேல். தைக்காத மடிப்புகளாகப் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுத்ததால்தான் ஆறே ஆண்டில் முடிந்தது. மடிப்புக்கு மடிப்பு முகங்களின் சாயல் மாறுவதும் அதனால்தான்.

பக்தி இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் போர்சோவுக்கு லத்தீன் சரியாக வராது, இதுவோ லத்தீன் பைபிள். பக்க ஓரங்களைப் பாருங்கள்: நீரில் கொம்பைத் தோய்க்கும் ஒற்றைக்கொம்புக் குதிரை, சுரைக்காய் தொங்கும் வேலி. இரண்டும் அவருடைய சின்னங்கள், போ ஆற்றுச் சதுப்பில் அவர் நீர் வடித்து நிலம் மீட்டதைச் சொல்பவை. வேத வசனத்தின் ஓரத்தில் பொதுப்பணித் துறை விளம்பரம்! 1452இலேயே பேரரசர் மூன்றாம் ஃபிரடெரிக் அவரை மொதெனாவுக்கும் ரெஜ்ஜோவுக்கும் கோமகன் ஆக்கிவிட்டார். ஃபெராரா திருச்சபையின் நிலம், அங்கே கோமகன் ஆகப் போப் மனம் வைக்க வேண்டும். 1471இல் இந்தப் பைபிளையும் எடுத்துக்கொண்டு ரோமுக்குப் போனார். போப் இரண்டாம் பவுல் பட்டம் கொடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் போர்சோ இறந்துபோனார்.