‘லேசாத்தான் வலிக்குது’ என்றால் ஆட விடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. இரண்டு வருடமாக ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் பக்கச் சுவரில் மோதி விழுந்தான். மயக்கம் போடவில்லை, தானே எழுந்து ஆட்டத்தை முடித்தான். ராத்திரி ‘தலை லேசாத்தான் வலிக்குது’ என்றான். வரும் சனிக்கிழமை முக்கியமான ஆட்டம், ஆடியே தீருவேன் என்கிறான். விடலாமா? ஸ்கேட்டில் நின்றே பழக்கமில்லாத நான் அவனை எப்படிப் பாதுகாப்பது?

பதில்: சனிக்கிழமை வேண்டாம். மோதலுக்குப் பிறகு தலைவலி என்றால், டாக்டர் பார்த்து இல்லை என்று சொல்லும்வரை அதைக் கன்கஷன், அதாவது மூளை அதிர்வு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மயக்கம் போடவில்லை என்று ஆறுதல் அடைய வேண்டாம். கன்கஷன் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதே இல்லை. தலைச்சுற்றல், குமட்டல், வெளிச்சம் கூசுவது, கேட்ட கேள்விக்கு மெதுவாகப் பதில் சொல்வது, காரணமில்லாத எரிச்சல் என்று மறுநாள்கூட ஒவ்வொன்றாகத் தலைகாட்டலாம். ஸ்கேன் சரியாக இருந்தாலும் கன்கஷன் இல்லை என்று ஆகிவிடாது, அது ஸ்கேனில் தெரியும் காயம் இல்லை. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கழுத்து வலி, கை கால் மரத்துப்போவது, எழுப்பினால் எழாத தூக்கம், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டு போங்கள்.

ஓய்வு என்றால் இருட்டறையில் படுக்க வைப்பது இல்லை. முதல் 24 முதல் 48 மணி நேரம் வீட்டுக்குள் சாதாரணமாக நடமாடலாம், செல்போனும் டிவியும் குறைவாக இருக்கட்டும். அப்புறம் ஆறு படிகளில் ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும்: அன்றாட வேலைகள், லேசான உடற்பயிற்சி, தனியாக ஸ்கேட்டிங், மோதல் இல்லாத பயிற்சி, முழுப் பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறிகள் கூடினால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். இன்னொருவர் மேல் மோத வாய்ப்புள்ள பயிற்சிக்கு முன்னால் டாக்டரின் அனுமதி கட்டாயம். முழுநேரப் பள்ளி முதலில், முழு ஆட்டம் பிறகு. இந்தக் கணக்கில் சனிக்கிழமை வரவே வராது. குணமாக நான்கு வாரம் வரை ஆவதும் சகஜம்தான்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2013இல் கனடாவின் ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பெண் ரக்பி ஆட்டத்தில் விழுந்து இறந்தாள். அதற்கு முந்தைய சில நாட்களிலும் அவள் தலையில் அடிபட்டிருந்தது. தனக்குக் கன்கஷன் இருக்குமோ என்று தோழிக்குச் செய்தி அனுப்பியிருந்தாள், பெற்றோரிடம் சொல்லவில்லை. முதல் அடி ஆறும் முன் விழும் இரண்டாவது அடி பிள்ளைகளின் மூளையை வீங்க வைத்து உயிரையே எடுத்துவிடலாம். விளையாட்டில் கன்கஷனிலிருந்து காக்க, ஒட்டாவா இருக்கும் ஒன்ராறியோ மாகாணம் 2018இல் அவள் பெயரில்தான் ரோவன் சட்டம் கொண்டுவந்தது.

ராத்திரி உங்கள் மகன் உங்களிடம் சொன்னானே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பிள்ளைகள் வலியை மறைப்பது அணியில் இடம் போய்விடும், அப்பா முகம் வாடிவிடும் என்ற பயத்தில்தான். சொன்னதற்காக அவன் எதையும் இழக்கவில்லை என்று அவனுக்குப் புரிய வேண்டும். “நீ சொன்னது நல்லதாப் போச்சு” என்று இன்றைக்கே சொல்லுங்கள். பயிற்சியாளரிடம் பேசும் பொறுப்பை அவன் தலையில் போடாமல் நீங்களே பேசுங்கள். இனிமேல் ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் எத்தனை கோல் என்று கேட்காதீர்கள், தவறவிட்ட பாஸைப் பற்றியும் பேச வேண்டாம். தோற்ற நாளிலும் ஜெயித்த நாளிலும் உங்கள் முகம் ஒரே மாதிரி இருந்தால்தான் அடுத்த தடவையும் உங்களிடம் வந்து சொல்வான்.

பொருட்கள் விஷயத்தில் ஹெல்மெட் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அது மண்டை உடையாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்காது. சான்று முத்திரையும் காலாவதித் தேதியும் பார்த்து வாங்குங்கள். யாரோ போட்டுப் பழசானதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்துக் காப்பு ஸ்கேட் பிளேடு வெட்டாமல் இருக்க. 2023இல் ஆடம் ஜான்சன் என்ற தொழில்முறை வீரர் கழுத்தில் பிளேடு பட்டு இறந்த பிறகு, அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி அமைப்பான யூஎஸ்ஏ ஹாக்கி 2024 ஆகஸ்ட்டிலிருந்து சிறுவர் ஆட்டங்களில் அதைக் கட்டாயமாக்கியது. உங்கள் பகுதி விதி எப்படி இருந்தாலும் அது இல்லாமல் களத்தில் இறக்காதீர்கள். வளர்ந்துவிடுவான் என்று ஒரு சைஸ் பெரிய ஸ்கேட் வாங்குவதும் தப்பு, கணுக்கால் உள்ளே ஆடும்.

சுவருக்கு மூன்று நான்கு அடி தூரத்தில்தான் ஆபத்து அதிகம். அந்த இடத்தில் தலை குனிந்தபடி உச்சந்தலையால் மோதினால் கழுத்தெலும்பு நொறுங்கலாம். தலை நிமிர்ந்து, நேராக இல்லாமல் சாய்வாகச் சுவரை நெருங்கப் பழக்குகிறாரா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். உடலால் மோதித் தடுக்கும் பாடி செக்கிங்கை இந்த வயதுக்கு யூஎஸ்ஏ ஹாக்கி 2011இலும், கனடாவின் அமைப்பான ஹாக்கி கனடா 2013இலும் நிறுத்திவிட்டன. பின்னாலிருந்து தள்ளுவது எந்த வயதிலும் தப்பாட்டம். அவன் தள்ளினாலும் அப்படித்தான், அதற்கு நீங்கள் கைதட்டக் கூடாது.

உடை மாற்றும் அறையையும் மறந்துவிடாதீர்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அங்கே செல்போன் கேமராவுக்கு இடமே இல்லை. பயிற்சியாளர் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்புகிறார் என்றால், அந்த உரையாடலில் நீங்களும் இருக்க வேண்டும். இதைக் கேட்கச் சங்கடப்படாதீர்கள். நல்ல கிளப் கோபப்படாமல் பதில் சொல்லும்.

சனிக்கிழமைக்குள் தலைவலி போயிருந்தால், ரிங்க்கின், அதாவது பனி ஆடுகளத்தின் சத்தமும் வெளிச்சமும் அவனுக்குத் தொந்தரவு தராவிட்டால், அணியின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு அவன் பார்க்கப் போகட்டும். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.