நீரிழிவில் இழிவு உண்டா?

கேள்வி: பலதுறை மருந்தகத்தில் என் தாயாருக்குக் கொடுத்த கையேட்டில் ‘நீரிழிவு’ என்றிருந்ததைப் படித்து அவர் மனம் வருந்தினார். இது நோயாளியைத் தாழ்த்தும் சொல்லா? மதுமேகம், இன்சுலின் ஆகியவற்றின் பொருள் என்ன? (வாசகி, தோ பாயோ, சிங்கப்பூர்)

பதில்: தங்கள் தாயார் சிறிதும் வருந்த வேண்டாம். ‘இழிதல்’ என்பதன் முதற்பொருள் கீழ்நோக்கி இறங்குதல். மலையிலிருந்து அருவி இழிகிறது என்றே பழந்தமிழில் எழுதினார்கள். தாழ்வு, இகழ்ச்சி என்ற பொருள்கள் அதிலிருந்து கிளைத்தவை. ஆகவே நீரிழிவு என்பது சிறுநீர் மிகுதியாக இறங்குவதைக் குறிக்கும் பெயரே. கிரேக்கச் சொல்லான ‘டயபெட்டிஸ்’ என்பதற்கும் ஊடே கடந்து செல்வது என்றே பொருள் என்பதால், தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே அறிகுறியைக் கண்டு பெயரிட்டிருப்பது எனக்கு மிகுந்த வியப்பைத் தருகிறது. அதனுடன் சேரும் ‘மெலிட்டஸ்’ தேனினிமையைச் சுட்டும் லத்தீன் சொல்.

நீரிழிவின் மற்றொரு பெயரான மதுமேகத்தில் வருவது வானத்து மேகம் அன்று. வடமொழியில் சிறுநீர்ப்போக்கைக் குறிக்கும் சொல்லும் முகிலைக் குறிக்கும் சொல்லும் வேறு வேறு ஒலியுடையவை; தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. மது என்பது இங்கே தேன்.

இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் சுரப்பான இன்சுலினின் பெயர், தீவு எனப் பொருள்படும் ‘இன்சுலா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கணையத்தில் தீவுகளைப்போல் சிதறிக் கிடக்கும் உயிரணுத் திட்டுகளை 1869இல் ஜெர்மானிய மருத்துவ ஆய்வாளர் லாங்கர்ஹான்ஸ் விவரித்தார். அங்கே சுரக்கும் இன்சுலினை 1921இல் டொராண்டோவில் பிரித்தெடுத்தனர். தீவில் வாழும் நமக்கு இது எளிதில் நினைவில் நிற்கும்.