300 வாட் பேனலா? முதலில் டேப் வைத்து அளந்து பாருங்கள்

கேள்வி: கும்பகோணம் அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறோம். ஆறு பேர் சேர்ந்து, வயலிலிருந்து களத்துக்கு இரண்டு நெல் மூட்டை ஏற்றிப்போகும் மூன்று சக்கர சோலார் வண்டி செய்கிறோம். 250 வாட் மோட்டார், 48 வோல்ட் பேட்டரி. ஃபிரேம் மட்டும் 90 கிலோ வந்துவிட்டது. கடைக்காரர் 120 செ.மீ.க்கு 80 செ.மீ. அளவில் ஒரு சோலார் பேனலைக் காட்டி, “300 வாட், இதைப் போட்டால் சார்ஜே போட வேண்டாம், நாள் முழுக்க ஓடும்” என்கிறார். வண்டிக்குப் பதிவு தேவையில்லை என்று சான்றிதழ் வாங்கித்தர ஒரு ஏஜென்ட் 12,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன். பேனலைப் பற்றி முதலில் பேசிவிடுவோம், அதை நாளைக்கே வாங்கிவிடுவீர்கள் போலிருக்கிறது.

நீங்கள் கொடுத்த அளவைப் பெருக்கிப் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இன்று கடைகளில் கிடைக்கும் நல்ல மோனோ வகை பேனல் சதுர மீட்டருக்கு 200 முதல் 220 வாட் தரும். அந்தச் சின்ன இடத்தில் 300 வாட் வராது. ஸ்டிக்கரில் அச்சடித்திருப்பது பொய். இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், மாணவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த ஸ்டிக்கரில்தான். ஒரு டேப் இருந்தால் போதும், கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

200 வாட் என்றே வைத்துக்கொள்வோம். அந்த 200 வாட்டும் பேனலுக்குள் இருக்கும் செல்லின் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. சித்திரை வெயிலில் நம் ஊரில் செல் 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் அளவுக்குக் குறையும். கன்ட்ரோலர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி), ஒயர், தூசி எல்லாம் போக, உச்சி வெயிலில் 140 வாட் கைக்கு வந்தால் நல்லது. உங்கள் வண்டியோ, ஓட்டுபவர், இரண்டு 40 கிலோ மூட்டை எல்லாம் சேர்த்து 250 கிலோ வரும். தார் ரோட்டில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகவே பேட்டரியிலிருந்து சுமார் 260 வாட் இழுக்கும். அதனால் பேனல் வண்டியை நேராக ஓட்டாது, பேட்டரியைத்தான் நிரப்பும். நாள் முழுக்க வெயிலில் நின்றால் 700 வாட்-மணி சேரும். அதில் தார் ரோட்டில் 40 கி.மீ. வரை போகலாம். வரப்போரத்து மண் பாதையில் அதில் பாதிகூட வராது. களத்துக்கும் வயலுக்கும் நடுவில் ஓட அது தாராளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வீட்டு பிளக்கில் சார்ஜ் போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை 3,000 கி.மீ. சோலார் கார் பந்தயம் 1987 முதல் நடக்கிறது, அந்த கார்கள் வெயிலில் ஓடவில்லையா என்று கேட்பீர்கள். அவை காற்றைக் கிழித்துப் போகும் தட்டையான வண்டிகள். மூட்டை ஏற்றும் வண்டியோடு அவற்றை ஒப்பிட வேண்டாம்.

சூரியனைத் தொடர்ந்து திரும்பும் அமைப்பு என்று யாராவது விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டெல்டா கிட்டத்தட்ட 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 19 வாக்கிலும் ஆகஸ்ட் 24 வாக்கிலும் நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். பேனலைக் கூரையில் படுக்கையாகப் போட்டாலே பெரிய நஷ்டம் இல்லை. நிழல்தான் எதிரி. ஒரு தென்னை மட்டையின் நிழல் பேனலின் மூலையில் விழுந்தாலும் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதி மின்சாரமே போய்விடும். வண்டியைத் தென்னந்தோப்பில் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, இந்த அளவு பேனலில் பெரும்பாலும் 20 வோல்ட் பக்கம்தான் வரும். உங்கள் 48 வோல்ட் பேட்டரியை அது நேராக நிரப்பாது. வோல்டேஜை ஏற்றிக்கொடுக்கும் பூஸ்ட் வகை எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் (பேனலிலிருந்து முடிந்த அளவு அதிக மின்சாரத்தை எடுப்பது) என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண கன்ட்ரோலரைத் தலையில் கட்டிவிடுவார்கள். பேட்டரியிலும் இதே கதைதான். 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்லில் 9,800 எம்.ஏ.எச். (எவ்வளவு சார்ஜ் நிற்கும் என்ற அளவு) என்று அச்சடித்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அந்த அளவு செல்லில் நல்ல கம்பெனி தயாரிப்பே சுமார் 3,500-ஐ ஒட்டித்தான் இருக்கும். பழைய லேப்டாப் செல்லுக்குப் புது உறை போட்டு விற்கிறார்கள். வண்டிக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் போடுங்கள், அது எளிதில் தீப்பிடிக்காது.

சரி, இப்போது பதிவு. 250 வாட் என்றாலே பதிவு வேண்டாம் என்பது பாதி உண்மை. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் அந்த விலக்கு இருக்கிறது. ஆனால் மோட்டாரின் முப்பது நிமிடத் திறன், அதாவது அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன், 250 வாட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், வேகம் 25 கி.மீ.க்குக் கீழே, பேட்டரி நீங்கலாக வண்டியின் எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. எடையைப் பற்றி எந்த ஏஜென்டும் வாய் திறப்பதில்லை. உங்கள் ஃபிரேமே 90 கிலோ. அதோடு இதையெல்லாம் சோதித்துச் சான்று தருவது புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையங்கள் மட்டுமே. 12,000 ரூபாய்க்கு ஏஜென்ட் கொண்டுவரும் காகிதத்துக்கு எந்தச் செக்போஸ்டிலும் மதிப்பில்லை.

உங்களுக்கு உண்மையில் பயன்படும் விலக்கு வேறு ஒன்று. 1988 மோட்டார் வாகனச் சட்டம், தொழிற்சாலைக்குள்ளோ வேறு மூடப்பட்ட வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடுவதற்கென்று தனியாக அமைத்த வண்டியை மோட்டார் வாகனமாகக் கணக்கில் எடுப்பதில்லை. இதில் ‘மட்டும்’ என்ற சொல்லை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சுவருக்குள் இருக்கும் கல்லூரி வளாகம், ரைஸ் மில் காம்பவுண்டு, மில்லுக்குள் இருக்கும் உலர்களம், இதெல்லாம் சரி. கல்லூரியின் இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே ஊர்ச் சாலை போனால், அதைக் குறுக்கே கடக்கும் பத்து அடியும் பொதுச் சாலைதான். வாய்க்கால் கரை ரோடும் பொதுச் சாலைதான். கேட்டுக்கு வெளியே டீக்கடைக்கு ஒரு தடவை ஓட்டிப் போனாலும் விலக்கு போயிற்று. அங்கே ஒருவர்மேல் மோதினால் இன்சூரன்ஸ் இல்லை, உங்கள் பெயரில் வழக்கு வரும். வயலுக்கும் களத்துக்கும் நடுவில் ரோடு இருந்தால் இந்த விலக்கை நம்பி இறங்காதீர்கள். செயல்முறை விளக்கத்தை ஒரு மில் காம்பவுண்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி ஒட்டியிருந்தால் ஏஜென்டுக்கு வேலையே இருக்காது. நான் ஏறி இறங்கிய அலுவலகங்களில் அப்படி ஒரு காகிதத்தைப் பார்த்ததில்லை. கேட்டால் “வெளியே இருக்கிறவரைப் பாருங்க” என்று கையைக் காட்டுவார்கள். கல்லூரிகள் இன்னொரு பக்கம். புராஜெக்டுக்குப் பணம் கேட்டால் மூன்று கொட்டேஷன், கமிட்டி, கையெழுத்து என்று நான்கு மாதம் ஓடும். பணம் வரும்போது கண்காட்சி முடிந்திருக்கும். பிள்ளைகள் கைக்காசைப் போட்டு, கடைசி வாரத்தில் புராஜெக்ட் சென்டரில் ரெடிமேட் கிட்டுக்குப் போய் நிற்கிறார்கள். திறமையான பிள்ளைகள் இப்படி வீணாவதைப் பார்க்க வயிறு எரிகிறது. தயவுசெய்து நீங்கள் அங்கே போகாதீர்கள்.

பேனல் வாங்கும் நாளில் டேப்போடு, ஒயரைக் கவ்வி கரண்டை அளக்கும் ஒரு டி.சி. கிளாம்ப் மீட்டரும் கொண்டுபோங்கள். கல்லூரி லேபில் இருக்கும். பேனலைப் பதினொரு மணி வெயிலில் வைத்து, இரண்டு ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து கரண்டைப் பாருங்கள். 20 வோல்ட் வகை 200 வாட் பேனலில் 9, 10 ஆம்பியர் காட்ட வேண்டும். சாதாரண மல்டிமீட்டரில் இதைச் செய்ய வேண்டாம், ஃப்யூஸ் போய்விடும். வெயிலில் வைத்துப் பார்க்கக் கடைக்காரர் மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.