வாசகர் கேள்வி – பதில்: கனவான் திருடன் பாப்

கே: எங்கள் கல்லூரித் திரைப்படக் கழகத்தில் 'பாப் ல ஃபிளம்பேர்' பிரெஞ்சுப் படம் திரையிடப் போகிறோம். மலைக்கள்ளனைப் போல இவரும் ஏழைகளுக்கு அள்ளிக் கொடுப்பவரா?
– மாணவி, திருப்பரங்குன்றம்

ப: இல்லை. ழான்-பியேர் மெல்வில் 1956இல் தந்த இந்தப் படத்தின் பாப், ஒரு காலத்தில் வங்கியைக் கொள்ளையடித்துச் சிறை போனவர். பிறகு இருபது ஆண்டுகளாகத் திருட்டுப் பக்கமே போகாமல் பாரிஸின் மோன்மார்த்தர், பிகால் வட்டாரங்களில் விடிய விடியச் சூதாடுகிறார். யாருக்கும் தானதருமம் செய்வதில்லை. அவருடைய கண்ணியத்தை வேறிடத்தில் பார்க்க வேண்டும். பெண்ணை அடித்துவிட்டுத் தப்பிக்கப் பணம் கேட்டு வரும் பாலியல் தொழில் தரகன் மார்க்கைக் காசு கொடுக்காமல் துரத்துகிறார். தெருவில் திரியும் ஆன் என்ற இளம்பெண்ணுக்குத் தங்க இடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். இன்ஸ்பெக்டர் லெத்ரூவின் உயிரை முன்பு ஒருமுறை காப்பாற்றியவரும் இவர்தான். இந்த இருவரின் நட்பு இல்லாவிட்டால் படமே இல்லை.

கே: கொள்ளைத் திட்டம் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. 80 கோடி பிராங்க் என்பது சப்-டைட்டில் பிழையா?
– வாசகர், சிம்மக்கல்

ப: பிழையில்லை. அது பழைய பிராங்க். 1960இல் 100 பழைய பிராங்க் ஒரு புதிய பிராங்க் ஆனது. அந்தக் கணக்கில் 80 லட்சம். (படம் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடலாம்.)

குதிரைப் பந்தயத்தின் 'கிராண்ட் ப்ரீ' இரவில், விடியற்காலை ஐந்து மணிக்கு டோவில் நகரத்துச் சூதாட்ட விடுதிப் பெட்டகத்தில் அந்தத் தொகை இருக்கும் என்று துப்புக் கிடைக்கிறது. செலவுக்குப் பணம் போட ஒருவரைப் பிடிக்கிறார்கள். விடுதிக்குள் வேலை பார்க்கும் ழான் என்பவருக்குக் காசு கொடுத்து வரைபடமும் பெட்டகத்தின் விவரமும் வாங்குகிறார்கள். பூட்டுத் திறப்பவரான ரோஜே ஒலிக்கருவிகளோடு உட்கார்ந்து பழகுகிறார். எண் பூட்டுக்குள் இருக்கும் சக்கரங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு உண்டு. வெட்டுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டுக்கு வந்தால்தான் நெம்பு விழும். அதற்கு முன் எழும் மெல்லிய உரசலைக் காது தவறவிட்டாலும் ஒலியை அலையாக வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் கருவியின் திரைக்கோடு காட்டிவிடும். அடுத்து, புல்வெளியில் விடுதியின் தளத்தை உண்மை அளவிலேயே கோடு போட்டு, யார் எங்கே நிற்பது என்று ஒத்திகை பார்க்கிறார்கள்.

இவ்வளவு கச்சிதமாகத் திட்டமிட்டும் காரியம் கெடுவது வாயால். கூட்டாளியான இளைஞன் பாவ்லோ பெருமைக்காக ஆனிடம் உளறுகிறான். அவள் மார்க்கிடம் சொல்கிறாள். மார்க் போலீசுக்குத் துப்புக் கொடுப்பவன். இன்னொரு பக்கம் ழானின் மனைவியும் காட்டிக்கொடுக்கிறாள். மூன்றாவது ஓட்டை பாப்பேதான். மேசையில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிப் போனவர் ஆட உட்காருகிறார். வாழ்நாளில் வராத அதிர்ஷ்டம் அன்று வருகிறது, கடிகாரத்தையே மறக்கிறார். கொள்ளையை இத்தனை நுணுக்கமாக மெல்வில் விளக்கியது இதற்காகத்தான் என்பது எங்கள் கருத்து. தயாரிப்பு முழுவதும் நமக்குத் தெரிந்திருப்பதால்தான், அவர் ஆடிக்கொண்டே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பதறுகிறது. பாவ்லோ குண்டடி பட்டுச் சாவதும், கைதான பாப் ஜெயித்த பணத்தை விடுதி ஊழியர்கள் போலீஸ் காரிலேயே கொண்டுவந்து ஏற்றுவதும் அடுத்தடுத்து நடக்கின்றன. சினிமாவில் இப்படி ஒரு முடிவு அபூர்வம்.

கே: சோதித்தபோது சப்-டைட்டில் பிந்துகிறது, முகங்கள் அகலமாகத் தெரிகின்றன. என்ன செய்வது?
– கழகச் செயலாளர், பசுமலை

ப: முதலில் படத்தின் தொடக்கத்தையும் கடைசிப் பத்து நிமிடத்தையும் ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு பிந்தினால் வெறும் தாமதம், படம் ஓட்டும் வி.எல்.சி. மென்பொருளில் ஜி, எச் விசைகளை அழுத்திச் சரிசெய்துவிடலாம். போகப் போக இடைவெளி கூடினால் வேகக் கணக்கு வேறு. பழைய ஐரோப்பிய டிவிடிகளில் நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) 25 ஆக ஓடும். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். உங்கள் சப்-டைட்டில் எந்தப் பிரதிக்குச் செய்தது என்று பார்த்து, சப்-டைட்டில் திருத்தும் மென்பொருளில் சட்டக வேகத்தை மாற்றுங்கள். தமிழில் நீங்களே எழுதுவதானால் கோப்பை யூ.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள், இல்லையென்றால் எழுத்துகள் கட்டம் கட்டமாக வரும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

முகம் அகலமாவதற்குக் காரணம் புரொஜெக்டர் படத்தை இழுப்பது. இந்தப் படத்தின் சட்டகத்தில் அகலம் 1.37 என்றால் உயரம் 1. எட்டடி அகலமான 16:9 திரையில் ஏறத்தாழ ஆறடி அகலத்துக்குத்தான் படம் விழ வேண்டும். இருபுறமும் கறுப்பாக இருக்கட்டும். 'வைட்', 'ஃபுல்' எல்லாம் விட்டு அசல் விகிதத்தில் வையுங்கள். நிற அமைப்பு 'சினிமா'வில் இருக்கட்டும், 'விவிட்'டில் கறுப்பு-வெள்ளை நீலம் பூத்துவிடும். மே மாத மதுரையில் ஏழு மணிக்கு முன் தொடங்காதீர்கள். சன்னலில் வெளிச்சம் கசிந்தால் விடியற்காலைக் காட்சிகள் வெளிறிப்போகும்.

கே: அந்த விடியற்காலைக் காட்சிகளைப் படம்பிடித்தவர் யார்?
– வாசகி, மேலூர்

ப: ஆன்றி தெகாயே. காசு குறைவு என்பதால் உண்மையான தெருவிலேயே எடுத்தார்கள். சாக்ரே-கெர் தேவாலய மேட்டிலிருந்து இறங்கி பிகால் விளக்குகள் அணையும் நேரத்தைக் காட்டும் தொடக்கம், நம் தூங்கா நகரத்தில் பின்னிரவு இட்லிக்கடைப் பக்கம் நடந்தவர்களுக்கு உடனே பிடிபடும். 1959இல் பிரெஞ்சு இயக்குநர் திரூஃபோவின் முதல் முழுநீளப் படத்துக்கும் அவரே ஒளிப்பதிவாளர்.

கே: அடுத்த மாதத்துக்கு இதே வகையில் ஒரு படம்?
– மாணவர், உசிலம்பட்டி

ப: ஜூல்ஸ் டாசினின் 'ரிஃபிஃபி', 1955. இரண்டிலும் ஓகுஸ்த் ல பிரெத்தோனின் எழுத்து உண்டு. மேல்தளத்தில் ஓட்டை போட்டு, விழும் காரையைப் பிடிக்கக் குடையை உள்ளே இறக்கி விரிக்கும் கொள்ளை. ஏறத்தாழ அரை மணி நேரம் வசனமும் இல்லை, இசையும் இல்லை. அந்தக் காட்சியில் சுத்தியல், மூச்சு, காலடி மட்டும்தான் கேட்கும். அதற்கு ஏற்ப ஒலி அளவை முன்னதாகச் சோதித்து வையுங்கள். முடிந்தால் அந்த நேரம் மின்விசிறி வேகத்தையும் குறைத்துவிடுங்கள்.