10 கிலோமீட்டர் நேரத்தை வைத்து முழு மாரத்தானைக் கணிக்கலாமா?

10 கிலோமீட்டரை 50 நிமிடத்தில் ஓடுகிறேன், ஓட்ட நேரத்தைக் கணிக்கும் கால்குலேட்டர் முழு மாரத்தானுக்கு, அதாவது 42.195 கிலோமீட்டருக்கு, 3 மணி 50 நிமிடம் காட்டுகிறது, நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாரத்துக்கு மூன்று நாள் ஓடுபவர், 20 கிலோமீட்டரை இன்னும் தாண்டாதவர் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் நம்பாதீர்கள்.

கணக்கில் பிழை இல்லை. பீட் ரீகல் என்ற பொறியாளர் 1977இல் கொடுத்த சூத்திரம் அது. தூரம் எத்தனை மடங்காகிறதோ, அதற்கு 1.06 அடுக்கு எடுத்துப் பழைய நேரத்தோடு பெருக்க வேண்டும். அரை மாரத்தான் வரை எனக்கும் நன்றாகவே ஒத்துவந்தது. ஆனால் நீண்ட தூரப் பயிற்சி ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டுதான் அந்தக் கணக்கு வருகிறது. 30 கிலோமீட்டர் வாக்கில் தசையில் எரிபொருளாகச் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து தீர்ந்துபோனால் என்னவாகும் என்பதற்கு அதில் இடமில்லை.

எனக்கும் இதே 50 நிமிடம், இதே 3:50. கூட ஓடுகிறவர்கள் எல்லோரும் அந்த வேகத்திலேயே போகச் சொன்னார்கள். என் நீண்ட ஓட்டங்களிலோ கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்றால்தான் இதயத்துடிப்பு கடைசிவரை ஏறாமல் நின்றது. அதே ஆறு நிமிடத்தில் கிளம்பினேன். 3:50இல் முடிக்கும் வேகத்தில் கொடி பிடித்து ஓடும் வழிகாட்டியின் பின்னால் போன கூட்டம் சீக்கிரமே கண்ணைவிட்டு மறைந்தது. 36ஆவது கிலோமீட்டரில் அந்தக் கூட்டத்தில் சிலரைத் திரும்பப் பார்த்தேன். ஒருவர் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி கெண்டைக்காலை நீவிக்கொண்டிருந்தார். வேகம் குறைந்துவிட்டதென்று அவர் கடிகாரம் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. நான் 4:11இல் முடித்தேன். இரண்டாம் பாதிதான் வேகம்.

பயந்து ஓடியதைப் பெருமையாகச் சொல்வதா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: வாரம் 80, 90 கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்கு 3:50 வரும், அதற்குக் கீழேயும் வரும். அவர்களைப் பற்றி நான் பேசவில்லை.

நீங்கள் முதலில் ஓர் அரை மாரத்தானை முழு மூச்சோடு ஓடுங்கள். அந்த நேரத்தை இரட்டித்து, 20 முதல் 30 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். 30 கிலோமீட்டர் வரை அந்த நேரத்துக்கான வேகத்தை மீறாதீர்கள். தெம்பு இருந்தால் மீதியில் காட்டலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு வந்தவர்களுக்குக் கடைசித் தண்ணீர் மேசையே இல்லை. மடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அறிவிப்பில் ஓடி முடிக்க ஆறு மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். வேகமாக ஓடுகிறவரிடம் வாங்கிய அதே கட்டணத்தைத்தானே இவர்களிடமும் வாங்கினார்கள்? புகார் எழுதினேன், இன்றுவரை பதில் இல்லை.